கொம்பையாவின் நெஞ்சில் இறங்கிய காவல் படை

காய்ச்சல் கண்ட அன்றே கொம்பையாவின் நெஞ்சுக்குள் காவல் படை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் வரிசையாக வெளியே வந்து, டீ குடித்துவிட்டு, மறுபடி உள்ளே போனார்கள். ஆளுக்கு ஒரு விரல் உயரம். காக்கி உடுப்பு, கையில் வாளி.

மனைவி சண்முகவடிவுக்கு முதலில் பெருமைதான். இருக்காதா பின்னே? பக்கத்துக் கட்டில்காரருக்கு இருநூறு பேர்தான் வந்திருந்தார்கள். இவருக்கு நாலாயிரம். லாரி ஓட்டி உரமேறின உடம்பாக்கும் என்று வார்டு முழுக்கச் சொன்னாள். ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்து, ஒரு கிருமியையும் விட்டுவிடாதீர்கள் சாமி என்று அவளே உசுப்பேற்றினாள். அவர்களும் விடவில்லை. கிருமி பதுங்கின அறைக்குத் தீ வைத்தார்கள். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அலசினார்கள்.

எட்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி போய்விட்டான். ஆனால் கொம்பையாவுக்கு மூச்சு முன்னைவிட மோசமாக இழுத்தது.

அந்தப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. அறைக்குள் சத்தம் கேட்டால் எதிரி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வார்கள். கேட்டவன் பத்துப் பேரைக் கூப்பிட வேண்டும். வந்த பத்துப் பேரும் ஆளுக்கொரு வாளி ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்ற மூச்சு இரைந்தது, இரைய இரைய ஆள் வந்தது, நாலாயிரம் நாற்பதாயிரமானது. தாங்கள் ஊற்றின தண்ணீர்தான் இரைகிறது என்று, நாற்பதாயிரம் தடிமாடுகளில் ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை.

டாக்டர் மெகருன்னிசா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சு முழுக்க வெள்ளையாக இருந்தது.

"கிருமி போயிட்டான்மா. இப்ப உங்க வீட்டுக்காரர் மூச்சை அடைக்கிறது இவங்கதான்."

படை கலைவதற்கான உத்தரவை அவர் ஊசி வழியாக உள்ளே அனுப்பினார். கிருமி குடியிருந்த முதல் நாட்களில் அதை அனுப்பியிருக்க முடியாது, இப்போது அனுப்பலாம் என்றார். படையின் ஏட்டையா உத்தரவைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். ஆனால் அதை ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். அதுவரை வாளி நிற்கக்கூடாது.

மறுநாள் சாயங்காலம் வரை ஆறாயிரம் பேருக்கு வாசித்திருந்தார். கொம்பையாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. சண்முகவடிவு அவர் வாயருகே குனிந்தாள்.

"ஏட்டையா, உங்க கால்ல விழுதேன். அந்த வாளிய மட்டும் கீழ வைக்கச் சொல்லுங்க. அவுக மூச்சு விடட்டும்."

"வச்சிரலாம்மா," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "சத்தம் இன்னும் கேக்குதுல்லா."

பாவி, நீயெல்லாம் விளங்குவாயா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. இவனுக்குப் போய் சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தேனே என்று வயிறு எரிந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது.

ஏட்டையா நனைந்த உடுப்போடு வெளியே வந்து, எதிரி ஒழிந்தான் என்று சல்யூட் அடித்தார். அவருக்குப் பின்னால் நாற்பதாயிரம் பேரும் கட்டில் காலைப் பிடித்து இறங்கி, நடைபோட்டு வெளியேறினார்கள். கடைசி ஆள் போய் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவளைக் கட்டிலருகே விடவில்லை.

வீட்டில் கொம்பையாவைத் தூக்க ஆள் சேரவில்லை. சொந்தக்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார்கள். கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று கூடப்பிறந்த தம்பியே போனில் சொல்லிவிட்டான். லாரி செட்டிலிருந்து மூன்று டிரைவர்கள் வந்தார்கள். இன்னும் ஒரு தோள் வேண்டும்.

அப்போது ஒல்லியான ஒருவன், வெளுத்த சட்டை போட்டவன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"நான்தான் அந்தக் கிருமி. ஒரு வாரம் அவர்கிட்ட இருந்தேன். தூக்க ஆளில்லைன்னு கேள்விப்பட்டேன்."

சண்முகவடிவு அவன் தோள் உயரத்தைப் பார்த்தாள். டிரைவர்களில் ஒருவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, அவனைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னாள்.