கிழக்கு ஓரத்து வண்டிகள்

சுகிர்தம் ஒரு தடவைகூடக் கால்பந்து ஆட்டம் பார்த்ததில்லை. ஆனால் 1959-ஆம் வருசம் ஆனி மாசத்துச் சாரல் பிடிப்பதற்குள், தென்காசியில் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னென்ன குறைகள் உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேரோடும் வீதியில் அவள் நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் ஊரிலேயே தமிழ் மிஷின் ஒன்று கிடந்தது. யாருக்கு மனு அடிக்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வந்தாக வேண்டும்.

அந்த வருசச் சீசன் போட்டிகள் ஆரம்பித்து இரண்டு வெள்ளிக்கிழமைதான் ஆகியிருந்தது. அதற்குள் கால்பந்துக் கழகத்துக்கு எதிராக இரண்டு மனுக்கள். முதலாவது, வடக்குக் கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் சார்பில் தையல்காரர் நல்லக்கண்ணு கொண்டுவந்தது. ஒலிபெருக்கிக் குழாயை அவர்கள் தலைக்கு மேலே கட்டி, ஆட்டம் தொடங்கின பிறகும் ரிக்கார்டு போடுகிறார்கள். நடுவர் ஊதுகிற விசில் கேட்கவில்லை. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல். இரண்டாவது, நாற்காலிக்காரர்களுடையது. தரை டிக்கெட் ஆட்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். போன வாரம் கார்னர் அடிக்க வந்தவர் ஓட இடமில்லாமல் ஒரு ரசிகரின் மடியில் கால் வைத்து அடிக்க நேர்ந்தது.

அந்த இடத்தில் சுகிர்தம் விரலை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஒருவர் மடியில் இன்னொருவர் எதற்காகக் கால் வைக்க வேண்டும்? கார்னர் என்றால் மூலை. மூலையை எப்படி அடிப்பது? கோல் என்பது இவர்கள் எழுத்தில் ஓரிடத்தில் கம்பமாக இருந்தது, ஓரிடத்தில் எண்ணிக்கையாக இருந்தது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை.

மூன்றாவது மனுவைக் கொண்டுவந்தவர் நூல்கடை முகம்மது கனி. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்கிற ரசிகர்களின் தலைவர் மாதிரி அவர். கழகம் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கிழக்கு ஓரம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் கீற்று வைத்து அடைக்கப்படும்; எல்லாரும் மேற்கே புதிதாகப் போட்ட கொட்டகைக்கு வந்துவிட வேண்டும்; அங்கே நிழலும் உண்டு, சாரலுக்கு ஒதுக்கமும் உண்டு. அதைச் செய்யக் கூடாது என்பதுதான் கனியின் மனு.

"ஏன் அண்ணாச்சி," என்று இந்தத் தடவை கேட்டேவிட்டாள் சுகிர்தம். "கிழக்க நின்னா சாயங்கால வெயில் நேரா கண்ணுல அடிக்கும். சாரலும் மலையில இருந்து மூஞ்சிக்கு நேரதான வருது. மேக்க போனா ரெண்டுமே இல்லையே."

கனி தாடியைத் தடவினார். "மலை தெரியும்லா டீச்சர். மேகம் எறங்குததப் பாத்தே, பந்து எப்ப வழுக்க ஆரம்பிக்கும்னு சொல்லிப்புடுவோம்."

"அதுக்காகவா?"

"அதுக்காகவும்தான்." அவர் கொஞ்சம் தயங்கினார். "எங்க வீட்டுலயும் அங்கன வருவா. வெள்ளிக்கிழம நீங்களும் வாங்களேன். கூட இருக்கதுக்கு ஆளாச்சுன்னு சந்தோசப்படுவா."

ஒரு பெண்பிள்ளை ஆட்டம் பார்க்க வருவாளா? எங்கே நிற்பாள்? அடித்த மூன்று மனுவில் ஒன்றிலாவது பெண் என்ற சொல் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மைதானத்தின் கிழக்கு ஓரத்தை ஒட்டியே ரோடு போனது. ரோட்டோரம் மாடு அவிழ்த்த கூண்டு வண்டிகள் ஏழு, பின்பக்கத்தை மைதானத்துக்குக் காட்டி வரிசையாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சந்தைக்கு வந்த வண்டிகள் என்றுதான் தோன்றும். கனி மூன்றாவது வண்டியைக் காட்டினார். பின்பக்கத்துத் திரை விலகி, உள்ளேயிருந்து ஒரு வளையல் கை நீண்டு அவளைத் தூக்கிவிட்டது.

"ஏறி வாங்க. ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம் ஆச்சு," என்றாள் கனியின் மனைவி நூர்நிஷா.

வைக்கோல் மேல் சமுக்காளம் விரித்திருந்தது. திரையின் இடைவெளியில் பச்சை மைதானமும், அதற்குப் பின்னால் குற்றாலத்து மலையும், மலைமேல் புகை மாதிரி மேகமும் தெரிந்தன. கனியும் அவருடைய ஆட்களும் வண்டிகளுக்கு முன்னால், மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்கு நேராக இருந்தவர்கள் மட்டும் இடம் விட்டு ஒதுங்கியிருந்ததைச் சுகிர்தம் கவனித்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நூர்நிஷாவுக்கு ஆட்டக்காரர்களின் பெயர் தெரியாது. அவளாகவே வைத்திருந்தாள். வலது ஓரம் ஓடுகிறவன் எண்ணெய்த்தலை. நடுவில் நிற்கிற நெட்டையன் ஏணி. கார்னர் என்றால் என்ன என்று சுகிர்தம் கேட்க, அவள் சிரிக்கவில்லை. "நம்ம ஆளு மேல பட்டு நம்ம கோட்டுக்குப் பின்னால போச்சுன்னா, எதிராளி மூலையில வச்சு அடிப்பான். அங்கன பாருங்க, கொடி நட்டிருக்குல்ல" என்று விரலால் காட்டினாள். சொன்ன மாதிரியே சற்று நேரத்தில் ஒருவன் கொடியோரம் பந்தை வைத்து அடித்தான். மடியில் கால் வைத்த விசயம் சுகிர்தத்துக்கு இப்போதுதான் விளங்கியது.

"கோல்கீப்பர் ரெண்டடி முன்ன வந்து நிக்கான். இவன் என்னைக்காவது தலைக்கு மேல வாங்கப்போறான்," என்று பக்கத்து வண்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சுகிர்தத்துக்குக் கேட்ட குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். கழகத்துச் செயலாளர் அய்யாத்துரையின் மனைவி கோமதியம்மாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் இன்ஸ்டிட்யூட்டில் படிக்கிறவள்.

"பண்பொழி மலைக் கோயிலுக்குப் போறேன். வெள்ளிக்கிழம தவறாமப் போவேன்," என்றார் கோமதியம்மாள். பிறகு அவராகவே, "மொதப் பாதி முடிஞ்சதும் கெளம்பிருவேன். அவுகளுக்குத் தெரியாது" என்றார்.

"எத்தனை வருசமா?"

"இது நாலாவது சீசன்."

அன்று ராத்திரி சுகிர்தத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏழு வண்டி, வண்டிக்கு மூன்று பேர் வைத்தாலும் இருபதுக்கு மேல். கீற்று வைத்து அடைத்துவிட்டால் அத்தனை பேருக்கும் ஆட்டம் இல்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக மிஷினில் தாள் சொருகினாள். வண்டியில் இருந்து பார்ப்பவர்களும் ரசிகர்களே. டிக்கெட் வாங்கச் சொன்னால் வாங்குவார்கள். கிழக்கு ஓரத்தை அடைக்க வேண்டாம். கீழே 'கிழக்கு ரோட்டு ரசிகைகள்' என்று மட்டும் போட்டு, தபாலில் சேர்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அய்யாத்துரை வந்தார். நெற்றி நிறைய விபூதியும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லா மனுவுக்கும் பதில் அடிக்க வேண்டுமாம். ரிக்கார்டை ஆட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுவோம். இரண்டாவது வாசல் திறப்போம். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து மூன்று முழம் தள்ளிக் கயிறு கட்டுவோம். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கடைசிக் காகிதம் வந்தது.

"பெண்கள் எவரும் ஆட்டம் பார்க்க வருவதாகக் கழகத்துக்குத் தகவல் இல்லை. ஆகையால் இம்மனு பரிசீலனைக்கு உரியதல்ல. அடிங்க."

அவள் அடிக்கவில்லை.

"என்னம்மா?" என்றவர், மனுவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதும் உங்க மிஷின்ல அடிச்சதுதான? 'ழ' மட்டும் ஒரு நூல் மேல ஏறி நிக்கி. யாரு கொண்டுவந்தா?"

"நான்தான் எழுதுனேன் சார்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதிசயமாகத்தான் பார்த்தார். "நீங்க பாத்தியளா? எங்கன இருந்து?"

அவள் சொன்னாள். வண்டிகளைச் சொன்னாள், திரையைச் சொன்னாள், எத்தனை பேர் என்று சொன்னாள். யார் யார் என்று மட்டும் சொல்லவில்லை. கோமதியம்மாள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய சேதி அல்ல.

"எதுத்தாப்ல நின்னு நாலு வருசமா பாக்கேன். சந்த வண்டின்னுல்லா நெனச்சேன்," என்றார் அய்யாத்துரை.

"வெள்ளிக்கிழம ஒருதரம் அந்தப் பக்கமா நடந்து பாருங்க சார். பதிலை அதுக்கப்புறம் அடிச்சுக்கிடுவோம்."

சாயங்காலமே அவள் கோமதியம்மாளுக்கு அவர் மகளிடம் சேதி சொல்லி அனுப்பினாள்: இந்த வெள்ளிக்கிழமை செயலாளர் ரோட்டுப் பக்கம் வருகிறார். வருவதும் வராமல் இருப்பதும் அந்த அம்மாளின் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை கோமதியம்மாளின் வண்டி வந்தது. அதே இடத்தில் நின்றது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அய்யாத்துரை ரோட்டோடு நடந்து வந்தார். ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டு வந்து, நாலாவது வண்டியின் மாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சொந்த மாடு அடையாளம் தெரியாமல் போகுமா? சுகிர்தமும் நூர்நிஷாவும் பக்கத்து வண்டியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோயிலுக்குப் போகலையா?" என்று கேட்டார்.

"போவேன். ஆட்டம் ஒண்ணுக்கொண்ணுல்லா நிக்கி."

சாரல் கூண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"உங்க கோல்கீப்பரை ரெண்டடி பின்னால நிக்கச் சொல்லுங்க," என்றார் கோமதியம்மாள்.

"நீ எப்படிச் சொல்லுத?"

"இங்கன இருந்து பாருங்க, தெரியும்."

அவர் குடையைச் சாய்த்துப் பிடித்து, வண்டியின் பின்பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தார். வீட்டில் பிறகு என்ன பேசினார்கள் என்று சுகிர்தத்துக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை பதில் அடிக்கப்பட்டது. கிழக்கே கீற்று இல்லை; இடுப்பளவு மூங்கில் மட்டும். வண்டிக்கு ஒரு டிக்கெட். கனி மனுவுக்கும் அதே தாளில் பதிலாகிவிட்டது. அடுத்த வாரமே நல்லக்கண்ணு இன்னொரு மனுவோடு வந்தார்: வண்டி மாடுகள் வடக்கு வாசலில் சாணி போடுகின்றன. அதையும் அடித்துக் கொடுத்தாள்.

இறுதி ஆட்டம் புனலூர்க்காரர்களோடு. வண்டிகள் பன்னிரண்டாகியிருந்தன. கோல்கீப்பர் பின்னால்தான் நின்றான். தலைக்கு மேல் வந்த பந்து இரண்டையும் பிடித்தான். ஆனாலும் காலுக்கடியில் இரண்டு விட்டான். ஒன்றுக்கு இரண்டு என்று தென்காசி தோற்றது.

திரும்பும்போது மூன்று பேரும் கனியின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது கோல் யார் தப்பு என்று பேச்சு எழுந்தது. ஏணி பந்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்றாள் நூர்நிஷா. ஈர மண்ணில் காலூன்ற முடியாமல் போய்விட்டது என்றார் கோமதியம்மாள். எண்ணெய்த்தலை திரும்பி ஓடி வந்திருந்தால் அந்த இடமே காலியாக இருந்திருக்காது என்றாள் சுகிர்தம். மற்ற இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் ஏன் அங்கன ஓடி வரணும்?" என்று கேட்டாள் நூர்நிஷா.

சுகிர்தம் சமுக்காளத்தின் மேல் பூக்கூடையை ஒரு கோலாகவும், குடையை இன்னொரு கோலாகவும் வைத்து விளக்கத் தொடங்கினாள். அவள் இறங்க வேண்டிய தெருவை வண்டி தாண்டிவிட்டதை வண்டிக்காரன்தான் சொன்னான்.