பெரியம்மா இல்லாத கதை

எங்கள் அம்மா கதை சொல்வதில் கெட்டிக்காரி. பால் பொங்கி வழிந்ததைச் சொன்னாலும் வீடு பற்றி எரிந்த மாதிரி சொல்வாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்துக்குள் கொடுத்து, மறுபக்கம் சுடச்சுட வருவதை இழுத்து மடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் மற்ற பெண்கள் வாயிலிருக்கும் சோற்றை மெல்லக்கூட மறந்து கேட்பார்கள். அவர்களில் ஒருத்திதான் அம்மாவைப் பற்றிப் பட்டைக்காரனிடம் சொல்லியிருக்கிறாள்.

பட்டைக்காரன் என்பது நான் வைத்த பெயர். கழுத்தில் அடையாள அட்டையும் அதன் நீலப் பட்டையும் இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை. குளிக்கும்போதாவது கழற்றுவானோ என்னவோ. பசிக்கு எதிராகக் குரல் கொடுக்கும் ஓர் அமைப்பில் வேலை பார்த்தான். குரல் மட்டும்தான், அவர்கள் யாருக்கும் சோறு போடுவதில்லை. எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று, சட்டம் போடுகிறவர்களின் வாசல்களை ஏறி இறங்குவதுதான் அவர்கள் வேலை. அதற்கான செலவை வருடக் கடைசி விடுமுறைக்கு முன்னால் ஒரு விருந்து வைத்துத் திரட்டுவார்கள். விடுமுறை நெருங்கினால் ஜனங்களுக்கு மனசு இளகும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். வயிறு நிறையப் போட்டுவிட்டுப் பசியைப் பற்றிப் பேசுவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மூணே நிமிஷம்மா. உங்க கதைய மேடையில சொன்னா போதும்" என்றான் பட்டைக்காரன்.

அம்மாவின் கதை இதுதான். அப்பா எங்களை விட்டுப்போன புதிது. எனக்கு அப்போதுதான் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. காலையில் அடுப்பு எரியாது. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். கதையில் பாதி இது. மீதிப் பாதி முழுக்க அம்மா தையல் பெரியம்மாவைப் பற்றிச் சொல்வாள்.

தையல் பெரியம்மா எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடு. விடிந்ததும் எங்கள் கதவைத் தட்டுவாள். "ஏ குட்டி, வாடி இங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஊசியில நூல் கோத்துக் குடு" என்பாள். நான் போய் ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பேன். கூலியாக ரொட்டி, முட்டை, ஒரு கிண்ணம் பால். சும்மா கொடுத்தால் அம்மா வாங்கமாட்டாள். அவள் ரோஷம் அப்படி. கூலி என்றால் பேச்சில்லை. தைத்த துணியில் ஒரு தையல் கோணினாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிறவளுக்குக் கண் தெரியவில்லையாம். இது உறைக்க எனக்குப் பல வருஷம் ஆனது.

ஒத்திகை எங்கள் சமையலறையில் நடந்தது. பட்டைக்காரன் முழுவதையும் கேட்டான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா அந்தப் பக்கத்து வீட்டம்மா மட்டும் வேணாம்."

"ஏன் தம்பி?"

"அக்கம்பக்கத்துலயே பாத்துக்குவாங்க, சட்டம் எதுக்குன்னு நெனப்பாங்கம்மா. நம்மள எதிர்க்கிறவங்க அதைத்தானே சொல்லிட்டிருக்காங்க."

"அப்ப பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஐயோ, பொய் எதுக்கும்மா? அந்த எடத்த விட்டுடுங்க, அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அவன் அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அம்மா சரி என்றுவிட்டாள். ஆனால் அதற்குள் பெரியம்மாவுக்கு அழைப்புக் கொடுத்தாகிவிட்டது. அவளோ மேடைக்கென்று அம்மாவுக்கு நீலத் துணியில் ஒரு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து வைத்துப் பார்க்க, கை வைத்துப் பார்க்க என்று நாளைக்கு இரண்டு தடவை அம்மாவைக் கூப்பிடுவாள். "மேடையில ஏறினா கூன் போடாதேடி, என் தையலுக்குத்தான் கெட்ட பேரு" என்று கிண்டல் செய்வாள். அந்தச் சந்தோஷத்தில், கதையில் அவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

விருந்து மண்டபத்தில் வட்ட வட்ட மேசைகள். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு காலி உறை, பணம் போட. எனக்கும் முத்துமாலை போட்ட ஒரு அம்மாளுக்கும் நடுவில் பெரியம்மா உட்கார்ந்து, மேசைத்துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, "மிஷின் தையல், நூல் மட்டம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அம்மா பேசினாள். அந்த மூன்று நிமிடமும் மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. பெரியம்மா அதில் வரவே இல்லை. நான் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் காதில் சொன்னாள்: "நல்லவேளை, என்னை இழுக்கல. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னிருக்கும்."

அதோடு முடிந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். முன்வரிசை மேசையிலிருந்து ஒரு பெரியவர் கை தூக்கினார்.

"ஒரு கேள்விம்மா. உங்க அக்கம்பக்கத்துல யாருமே உதவி பண்ணலையா?"

அம்மா மேடையோரம் நின்ற பட்டைக்காரனைப் பார்த்தாள். அவன் ஆமென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் தலையாட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். எதிரே அத்தனை உறைகளும் வாய் திறந்தபடி காத்திருந்தன.

"இல்லைங்க" என்றாள் அம்மா. "யாரும் எட்டிக்கூடப் பாக்கல."

அதோடாவது நிறுத்தினாளா? கதை சொல்கிற வாய் நிற்குமா? "எங்க அடுப்பு எரியலைன்னு தெரிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க கதவச் சாத்திக்கிட்டாங்க" என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், அதுவும் அந்தச் சோற்றைப் போட்டவள் முன்னாலேயே.

முத்துமாலை அம்மாள் பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள். "என்ன ஜனங்க பாருங்க! ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்க மனசு வரலையே."

பெரியம்மா அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அப்படியும் ஆளுங்க இருக்காங்க."

தன் பையைத் திறந்து பணம் எடுத்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஒட்டிய பிறகும் அதை வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அந்த வருஷம் வசூல் அமோகம். பட்டைக்காரன் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

பஸ்ஸில் பெரியம்மா தனி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா இரண்டு தடவை "அக்கா" என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. தன் வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே, "நல்லாப் பேசுனீங்க" என்றாள். அம்மாவை அவள் 'டி' போட்டுத்தான் பேசுவாள். 'நீங்க' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

முத்துமாலை அம்மாள் கேட்டதையும் பெரியம்மா சொன்ன பதிலையும் நான்தான் அம்மாவிடம் சொன்னேன். கோபத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா நீல உடுப்போடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கேள்வி கேப்பாங்கன்னு அவன் சொல்லவே இல்லடி" என்றாள். பிறகு அழுதாள்.

விடுமுறை முடிந்ததும் பட்டைக்காரன் வந்தான். சட்டத்தைப் பரிசீலிக்கிற குழு மக்களைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறதாம். அம்மா போக வேண்டுமாம். அவன் போன கையோடு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள்.

பெரியம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, நான் பண்ணது பாவம். அங்க போய் உண்மையச் சொல்லிடறேன். எங்க பிள்ளைக்கு நீங்கதான் சோறு போட்டீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் பெரியம்மா. 'டி' திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? இந்தப் பொய்க்காரிய நம்பியா சட்டம் போடறதுன்னு கேப்பாங்க. அத்தனை பிள்ளைங்க வயித்துலயும் மண்ணு விழும். நான் போட்டது ஒரு பிள்ளைக்கு. இது எத்தனை பிள்ளைக்கு? போய் அன்னிக்குச் சொன்னதையே சொல்லு. யாரும் எட்டிப் பாக்கலைன்னே சொல்லு."

அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். பெரியம்மா கையை உருவிக்கொண்டாள்.

"ஆனா சொல்லிட்டு இங்க வராதே. நீ சொன்னதக்கூடத் தாங்கிக்குவேன். அந்தம்மா கேட்டப்ப நானே ஆமாங்கன்னு சொன்னேன் பாரு, அது தொண்டையிலயே நிக்குது. உன் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் அது வரும். என்னால முடியாதுடி."

அம்மா குழுவின் முன்னால் போனாள். அதே கதையைச் சொன்னாள். அங்கேயும் ஒருவர் அக்கம்பக்கத்தைப் பற்றிக் கேட்டாராம். அம்மா அதே பதிலைச் சொன்னாளாம், இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சட்டம் நிறைவேறிய சேதி சலவைக்கூடத்துக்கு வந்தது. மற்ற பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்களாம், பாதி வேலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து அம்மா குடையைக்கூட விரிக்காமல் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எங்கள் வாசலைத் தாண்டி நேரே பெரியம்மா வாசலுக்குப் போனாள். நல்லதோ கெட்டதோ எந்தச் சேதியையும் முதலில் அங்கே சொல்லியே பழகிய கால்கள். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது, பெரியம்மா இருந்தாள். மழை அம்மாவின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. தூக்கிய கையைக் கீழே போட அவளுக்கு வெகுநேரம் ஆனது. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சட்டம் வந்துடுச்சுடி" என்று என்னிடம் சொன்னாள்.