அது ஒயின் இல்லை

மோல்தோவாவில் ஒரு பெண் அறுபது வயதுவரை ஒயினைத் தொடாமல் இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கல்லீரல் சுருங்கி என் வயிறு உப்பியதும் முடிவே கட்டிவிட்டார்கள்: "அக்ரிபினா கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கிறா." இது மஞ்சள் காமாலைக் கிருமி செய்த வேலை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணடித்துச் சிரித்தார்கள்.

என் உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் வீங்கியிருந்தன. டாக்டர் இரண்டு முறை உள்ளே குழாய் விட்டு, அவற்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். "மலம் தார் மாதிரி கறுத்தா உள்ள கசியுதுன்னு அர்த்தம். தனியா மட்டும் இருக்காதீங்க, உடனே வந்துடுங்க" என்றார். சொல்வது சுலபம். என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகள் இத்தாலியில் வேறு யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலம் கறுத்திருந்தது. ஞாயிறன்று பேருந்து கிடையாது; ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வந்து சேர நேரமாகும். பக்கத்து வீட்டு ப்ரொஃபீரிடம் கார் இருந்ததால் அங்கே போனேன். புது ஒயின் பீப்பாயைத் திறந்திருந்தார்கள். பாதி ஊர் அவன் முற்றத்தில்தான் இருந்தது.

"தம்பி, என்னை டவுன் ஆஸ்பத்திரியில விட்டுருப்பா. உள்ள ரத்தம் கசியுது."

"ஒரு கிளாஸ் உள்ள தள்ளுக்கா, கசியறதெல்லாம் தானா அடைச்சுக்கும்!"

முற்றமே சிரித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதில் சிவப்பாகக் குபுக்கென்று வந்தது. வேலியோரம் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். கையிலிருந்த போன் எங்கோ விழுந்தது.

"பாத்தீங்களா! வீட்டுலயே ஏத்திக்கிட்டுத்தான் வந்திருக்கு" என்றாள் ப்ரொஃபீரின் மனைவி ஒலிம்பியா.

"ரத்தம்டி!"

"ஆமா ஆமா, ரத்தம்தான். வாங்க, வந்து படுங்க."

அவள் என்னை இழுத்துவந்து என் கட்டிலில் கிடத்தினாள். போர்வையைக்கூடப் போர்த்திவிட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். வீடு சுற்றியது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் தன்னந்தனியாகச் சாகப் போகிறேன் என்று புரிந்தது. சாவைவிட, குடித்துச் செத்தாள் என்று பேசுவார்களே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

கதவு படாரென்று திறந்தது. ப்ரொஃபீர் முகம் வெளுத்து நின்றான்.

"அக்கா, அது ரத்தம்க்கா!"

"அதைத்தானேடா சொன்னேன்."

"எங்க நாய் அதை நக்குதுக்கா. ஒயின் சிந்தின பக்கமே அது போவாது."

குடித்துவிட்டுக் கார் ஓட்ட முடியாது என்பதால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். வரும்வரை என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தான். அங்கே ரத்தம் ஏற்றினார்கள், ரத்தக் குழாய்களின் அழுத்தம் குறைய மருந்து ஏற்றினார்கள், மறுபடி வளையங்கள் போட்டார்கள். பிழைத்துக்கொண்டேன்.

மறுநாள் நர்ஸ் கட்டிலருகே வந்து கேட்டாள்: "ஏதாவது அவசரம்னா யாருக்கும்மா சொல்லணும்?"

"பக்கத்து வீட்டு ப்ரொஃபீருக்கு."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

வாசலில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்ற ப்ரொஃபீர் தரையைப் பார்த்தான்.

"அவங்க வீட்டு நாய்க்கு என்னைத் தெரியும்" என்றேன்.