பன்னிரண்டு திறவுகோல்கள்

கதிரவன் மேலைக் கூரைகளின்மேல் சாய்ந்து, ஓட்டு வீடும் மாடி வீடும் வேறுபாடின்றிப் பொன்னிறம் பூசிக்கொள்ளும் மாலைப் பொழுதில், இரண்டு தெருக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் அந்த இடுக்கில் நீங்கள் வந்து நின்றால், அவரைப் பந்தலும், கத்தரிப் பூக்களை வட்டமிடும் தேனீக்களும், வரப்பில் குடத்தை இறக்கி வைத்து வம்பளக்கும் பெண்களுமாகக் கண் குளிர்ந்து போவீர்கள். மூன்றாண்டுகளுக்கு முன் இங்கே மூக்கைப் பிடிக்காமல் எவரும் நடந்ததில்லை. உடைந்த ஓடும், கிழிந்த மெத்தையும், இடித்த சுவரின் கல்லும், செத்த எலியும் ஆளுயரம் குவிந்து கிடந்தன. கொட்டியவர் யார் என்கிறீர்களா? இரு தெருவிலும் தமக்கென வீடு கட்டி, வாயிற்கல்லில் தம் பெயரைப் பொறித்து வைத்திருக்கும் பன்னிரண்டு பெரியவர்களேதாம். சொல்லும்போதே எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. நயமறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்குப்பையை நோக்கிய சாளரம் ஒன்றே உடைய மாடியறையில் குடிக்கூலிக்கு இருந்தவள் ஒரு தையற்காரி. ஒரு செடி வைக்க ஒரு பிடி மண் இல்லாதவள். நாற்றம் பொறுக்காமல் ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளைக் கண்டு சலவைக்காரர் வந்தார். பின் அடுமனைத் தொழிலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். எல்லோரும் குடிக்கூலிக்காரர்களே. ஏழு திங்கள் அள்ளி அள்ளி, கை கொப்புளித்து, அடியில் ஒளிந்திருந்த கரிய மண்ணைக் கண்டெடுத்தார்கள். பாத்தி கட்டி விதை தூவி முளை விட்டதும், ஆடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. அப்போதுதான் தையற்காரி, தன் திருமணத்துக்கு வந்த இரும்புக் கட்டிலைக் கீழே இறக்கிக் கொடுத்தாள். பூட்டுக்காரராகிய அவள் கணவர் அதன் கால்களை அறுத்து, கீல் பொருத்தி, இடுக்கின் ஒரே வாயிலில் கதவாக நிறுத்தினார். அன்று தொட்டு இருவரும் வெறுந்தரையில்தான் படுத்தார்கள்.

பச்சை தழைத்தது, பெரியவர்களுக்கும் கண் திறந்தது. அது ஊர்ப் பொது நிலம் ஆகையால், வீட்டுக்காரர் சங்கத் தலைவர் நகராட்சிக்கு நடையாய் நடந்து, தோட்டம் சங்கத்தின் பொறுப்பு என்று ஒரு தாள் வாங்கி வந்துவிட்டார். கதவுக்குப் பூட்டுப் போடச் சொல்லிப் பூட்டுக்காரரையே அழைத்தார். ஆட்டுக்குத்தான் பூட்டு என்று எண்ணி அவரும் அதைக் கதவின் சட்டத்திலேயே பதித்தார். திறவுகோல்கள் பன்னிரண்டு போதும் என்று தலைவர் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது.

“என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு வேணுமேங்க?”

“வாடகைக்கு இருக்கிறவங்க இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்குப் போயிடுவீங்க. சொந்த வீடு இருக்கிறவங்களுக்குத்தான் சாவி. தப்பா எடுத்துக்காதப்பா.”

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்! வேறெப்படி எடுத்துக்கொள்வதாம்?

நான்கு நாள் சென்றன. நீர் ஊற்றுவது அடுத்த வீட்டார் வேலை என்று பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாக எண்ணியிருக்க, முதற்பூ விட்ட கத்தரி தலை தொங்குவதைத் தையற்காரி மேலே சாளரத்தில் நின்று பார்த்தபடியே இருந்தாள். உடையவர் கேளாத திறவுகோலை இருபது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அராவியறியாத அவள் கணவர், அன்று மாலை அரத்தை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்க. கள்ளச் சாவி போட்டு உள்ள போனா, நான் திருடின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பூட்டு அவங்களுது. கதவு யாருதுங்க?”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். நான்கு நாளில் முதன்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் விடுமுறை. பெரியவர்கள் உள்ளே நாற்காலி போட்டு, வேண்டாதவர் எவரும் நுழையாதபடி உட்புறம் பூட்டிக்கொண்டு, வாடிய செடிகளின் நடுவே தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். தையற்காரியும் கணவரும் வந்தார்கள். அவர் திருப்புளியால் கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, இருவரும் கதவைப் பக்கவாட்டில் இழுக்க, பூட்டின் நாக்கு தூணின் துளையிலிருந்து மெல்ல நழுவி வெளியே வந்தது. பூட்டை உடைக்கிறார்கள் என்று தலைவர் கத்த, தையற்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

“பூட்டுல நாங்க கை வைக்கலைங்க. பூட்டினது பூட்டினபடியே இருக்கு, பாத்துக்குங்க. இது என் கட்டில். நாலு நாளா உங்க செடிக்குக் காவல் நின்னுச்சு, இனி எங்களுக்கு வேணும்.”

கதவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அவர்கள் நடக்க, சலவைக்காரரும் அடுமனைக்காரர் மனைவியும் குடங்களோடு அந்த வெற்றுவாயில் வழியே நுழைந்து, எவரையும் கேளாமல் கத்தரிக்கு நீர் ஊற்றத் தொடங்கினார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய தலைவர் பாதி வழியில் திரும்பிவிட்டார். ஒருத்தி தன் கட்டிலைத் தானே எடுத்துப் போனாள் என்று எந்த முகத்தோடு எழுதிக் கொடுப்பது?

தோட்டத்துக்கு இன்றும் கதவு இல்லை. ஆடு வந்தால் விரட்ட எந்நேரமும் ஓர் ஆள் உண்டு; தையற்காரியின் பாத்தி இவ்வாண்டு இரண்டாம் முறை காய்க்கிறது. பூட்டைக் கழற்றித் தரவா என்று பூட்டுக்காரர் சொல்லியனுப்பினார். வந்து வாங்கிக்கொள்ள ஒருவருக்கும் முகமில்லை. ஆகவே அது மாடியறையில், மீண்டும் கால் முளைத்த கட்டிலின் கால்மாட்டில், நாக்கை நீட்டியபடி இருக்கிறது. பெயர் பொறித்த பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு திறவுகோல்கள் ஆணிகளில் தொங்குகின்றன. ஓர் ஏழைத் தையற்காரி படுத்துறங்கும் கட்டிலைத் தவிர, அவற்றுக்குப் பொருந்துவது இவ்வுலகில் வேறொன்றும் இல்லை.