காலுறைக் குழுவின் தீர்ப்பு

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க முடிவொன்றை மின்கம்பப் பராமரிப்புப் பிரிவு எடுத்தது: மழையிலும் குளிரிலும் கம்பம் ஏறுகிறவர்கள் எந்தத் துணியில் காலுறை போடுவது என்று கண்டுபிடிக்கப்படும். அதற்கொரு குழு, குழுவுக்கொரு தலைவர், தலைவருக்கொரு குடை.

சோதிக்க மூத்த லைன்மேனைப் பிடித்தார்கள். எவ்வளவு நேரம் சேற்றில் நின்றாலும் முகம் சுளிக்காத மனிதர். சுளிக்காததன் ரகசியம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்: போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு இரண்டு பாதங்களும் மரத்துப்போயிருந்தன. ஆபீஸுக்குத் தெரிந்தால் அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"கம்பளின்னு சொல்லிட்டு வந்துடுங்க," என்று மனைவி காலையிலேயே பாடம் எடுத்திருந்தாள். "நனைஞ்சாலும் சூடு தாங்கும். பருத்தி தண்ணியக் குடிச்சிட்டு அப்படியே கெடக்கும்."

ஆனால் குழுத் தலைவர் நேர்மையின் திருவுருவம். பாரபட்சம் கூடாதென்று லைன்மேனின் கண்ணைக் கட்டி, ஒரு காலில் கம்பளியும் மறுகாலில் பருத்தியும் மாட்டிவிட்டு, பூட்ஸ் கயிற்றைத் தானே முடிந்தார். பிறகு கண்கட்டை அவிழ்த்து, ஆபீஸுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடிய பள்ளத்தில் இறக்கிவிட்டார்.

முழங்கால் வரை தண்ணீர் ஏறி பூட்ஸுக்குள்ளும் புகுந்தது. லைன்மேன் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களும் இருந்தன. அவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எந்தக் கால் கதகதன்னு இருக்கு?" என்றார் தலைவர், குடைக்குள்ளிருந்து.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"என்னண்ணே, கால்கிட்ட கலந்து பேசுறீங்களா?" என்றான் வேன் டிரைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதற்குமேல் யோசித்தால் சந்தேகம் வரும். "இடது," என்றார் லைன்மேன்.

இடது காலில் இருந்தது பருத்தி.

"அனுபவம் பேசுது பாருங்க," என்று தலைவர் கைதட்டினார். பிரிவு முழுவதற்கும் பருத்திக் காலுறை வந்து இறங்கியது. லைன்மேனின் வேலை தப்பியது.

"என்ன சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கேட்டாங்க, சொன்னேன்," என்றார்.

முதல் மழையில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அடுத்தடுத்த மழைகளில் திட்டு குறைந்தது. குளிர்காலம் முடிவதற்குள் காலுறை பற்றிய புகார்கள் அடியோடு நின்றன. பிரிவில் யாருக்கும் பாதத்தில் உணர்ச்சி இல்லை.