பெயர்நாளில் வீட்டில் இல்லாதவர்

கையில் ஒரு காகிதம் இருந்தால் மனிதனுக்கு எப்படியோ ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. நவம்பர் மாதத் தூறலில் எங்கள் தலைநகர் ரீகாவின் பழைய நகரத்துக்குள் வயதான ஒருவர் சும்மா நடந்தால், ஐயோ பாவம், போக்கிடம் இல்லாதவர் என்று பார்ப்பார்கள். அதே ஆள் ஒரு வரைபடத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவர் சுற்றுலாப் பயணி. ஆல்டிஸ் அன்றைக்குப் பயணியாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அன்று அவருடைய பெயர்நாள். எங்கள் நாட்டில் பிறந்தநாளை மறந்தாலும் மறக்கலாம், பெயர்நாளை மறக்க விடமாட்டார்கள். காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே இன்னின்னாருக்கு உரிய நாள் என்று பெயர்கள் போட்டிருக்கும். விடிந்ததும் வானொலியில் வாசிப்பார்கள், பூக்கடைப் பலகையில் எழுதிவைப்பார்கள். ஆனால் அந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் மானக்கேடு. வர வேண்டியவர்கள் தாங்களாக வருவார்கள். பெயருக்கு உரியவர் செய்ய வேண்டியது, கிளிங்கெரிஸ் என்கிற முறுக்கிய திராட்சை ரொட்டியைச் சுட்டு மேஜை நடுவில் வைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கதவைத் திறக்க வீட்டில் இருப்பது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. யாராவது வருவார்களா என்றும் தெரியாது. இப்படி ஒரு விருந்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவே இருந்திருக்காது.

போன வருஷம், மனைவி பிருதா இறந்த பிறகு வந்த முதல் பெயர்நாளில், ஆல்டிஸ் கடையில் கிளிங்கெரிஸ் வாங்கி வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அந்த ரொட்டியைத் தனியாகவே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் கல்லாகிப்போன துண்டுகளைக் காபியில் ஊறவைத்து விழுங்கினார். இத்தனை வருஷமும் வந்தவர்கள் பிருதாவின் சமையலுக்கு வந்தவர்கள், எனக்காக ஒரு ஈ காக்கை வந்ததில்லை என்று முடிவு கட்டினார். இன்னொரு தடவை அப்படிக் கதவைப் பார்த்து உட்கார அவருக்குத் தெம்பில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ளும் தொல்லையே இல்லை. இதுதான் அவர் போட்ட கணக்கு. ஆனாலும் யாராவது ஒருத்தர், தானாக, நேருக்கு நேர், ஒரே ஒரு வாழ்த்துச் சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டேதான் இருந்தது.

நார்வேயில் இருக்கும் மகன் காலையிலேயே கைபேசிக்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தான். அது தானாகச் சுற்றியது. ஆல்டிஸ் அது சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

டிராமில் ஆற்றைக் கடந்து, நகரசபைச் சதுக்கத்தில் இருந்த சுற்றுலா அலுவலகத்துக்குள் நுழைந்தார். வழிகாட்டி இல்லாமல் நாமே பார்த்து நடப்பதற்கு ஒரு காகிதம் தருவார்களாமே, அது வேண்டும் என்று கேட்டார். கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க ஐயா? எழுதிக்கணும்."

"இமாந்தாவுலேர்ந்து."

இமாந்தா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அடுக்குமாடிப் பேட்டை. பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பாஷையில அச்சடிக்கறதே இல்லீங்க. ஊர்க்காரங்க யாரு வந்து கேக்கறாங்க? ஜெர்மன்ல இருக்கு, தரட்டுமா?"

அவள் தலைக்கு மேலே காலண்டர் தொங்கியது. அன்றைய தேதி, கீழே அவர் பெயர். ஆல்டிஸ் காலண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு எப்படித் தெரியும், பெயரா நெற்றியில் ஒட்டியிருக்கிறது? பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன் பாதி மறந்துபோயிருந்தது. மீதிப் பாதி போதும் என்று வாங்கிக்கொண்டார்.

காகிதம் சொன்னபடியெல்லாம் கேட்டார். வலப்பக்கம் திரும்பு என்றால் திரும்பினார். அண்ணாந்து பார் என்றால் பார்த்தார். இத்தனை வயசுக்கு இந்த ஊரில் அவர் பார்த்ததெல்லாம் தரையைத்தான். எங்கள் ஊரில் பனியும் தண்ணீருமாகக் கிடக்கும் கல் பாவிய தெருவில் அண்ணாந்து நடப்பவன் இடுப்பை உடைத்துக்கொள்வான். கூரை உச்சியில் முதுகை வளைத்து நின்ற இரும்புப் பூனையை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார். 'இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்' என்று வாய் திறந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

பூனை வீட்டுக்கு எதிரே ஒரு ஜெர்மன் தம்பதி குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அவரும் தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்து, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எடுத்துத் தந்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"நீங்க மட்டும் தனியாவா வந்திருக்கீங்க?"

ஆல்டிஸுக்கு என்ன தோன்றியதோ, "இல்ல, சம்சாரம் பின்னால வந்துக்கிட்டிருக்கா" என்று தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டார்.

"அப்போ ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் நாங்க எடுத்துத் தர்றோம். வரட்டும்" என்றார் கணவர். நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்புவது கஷ்டம். மூன்று பேரும் தூறலில் நின்று, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி முனையில் திரும்பினாள். "இவங்களா?" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் போனதும், அவள் ஏதோ கடைக்குள் நுழைந்திருப்பாள், போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, காகிதம் சொல்லாத சந்து ஒன்றுக்குள் அவசர அவசரமாகப் புகுந்தார். பொய் சொன்னதற்காக அல்ல. அந்தச் சிவப்புத் தொப்பி திரும்பியபோது, ஒரு கணம், பிருதாதானோ என்று அவரும் உண்மையாகவே பார்த்துவிட்டார்.

சந்து ஒரு காபிக் கடையில் போய் முடிந்தது. வாசல் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: 'இன்று ஆல்டிஸுக்கும் அல்ஃபோன்ஸுக்கும் காபி இலவசம்.' உள்ளே கூட்டம். கல்லாவில் நின்ற பெண் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆல்டிஸ், அல்ஃபோன்ஸ் யாராச்சும் இருக்கீங்களா? ஓசிக் காபி! வெக்கப்படாதீங்க!"

வரிசையில் ஒருவன், "என் பேரை மாத்திக்கறேன், ஒரு பன்னும் சேத்துத் தருவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆல்டிஸும் சிரித்தார். கை தூக்கினால் போதும், கடையே திரும்பி வாழ்த்தியிருக்கும். ஆனால் கை தூக்கி வாங்கினால் அது வாழ்த்தா? காசு கொடுத்தே குடித்தார்.

குடிக்கும்போது கண் பலகையின் பின்பக்கத்துக்குப் போனது. அங்கேயும் அதே எழுத்து, அவர் பெயரும் அல்ஃபோன்ஸ் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அந்தப் பெயரை அவருக்கு நன்றாகத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் வருஷக் கணக்காக எதிர் எதிர் மேஜையில் உட்கார்ந்த அல்ஃபோன்ஸ். ஒரே நாளில் பெயர்நாள் என்பதால் இருவரும் மேஜைகளை ஒட்டிப் போட்டு ஒரே ரொட்டியை நடுவில் வைப்பார்கள். அலுவலகம் முழுக்க வந்து மொய்க்கும். மாலையானதும் அவரவர் வீட்டுக்கு ஓடுவார்கள், அவரவர் விருந்தாளிக்குக் கதவு திறக்க. அதனால் ஒருவர் வீட்டுப் பெயர்நாளை மற்றவர் பார்த்ததே கிடையாது. பார்க்கவும் முடியாது. அவர் தன் வீட்டில் இருந்தாக வேண்டும், இவர் தன் வீட்டில் இருந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்போம் பார்ப்போம் என்றே காலம் போயிற்று. கடைசியாகப் பார்த்தது பிருதாவின் அடக்கத்தில்.

'இன்றைக்குத்தான் நான் வீட்டில் இல்லையே' என்று ஆல்டிஸுக்கு உறைத்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

காகிதத்தின் கடைசி நிறுத்தம் ஆல்பெர்த்தா தெரு. அந்தத் தெருவின் பெரிய வீடு ஒன்றின் பின்கட்டில்தான் அல்ஃபோன்ஸ் குடியிருந்தார். வழியில் பூங்காவை ஒட்டிய பூக்கடைகளில் ஒன்றில் நின்றார்.

"யாருக்கு, ஆல்டிஸுக்கா அல்ஃபோன்ஸுக்கா?" என்றாள் பூக்காரி.

"அல்ஃபோன்ஸுக்கு."

"அப்பாடா! காலைலேர்ந்து வந்ததெல்லாம் ஆல்டிஸுக்குத்தான். எத்தனை ஆல்டிஸுய்யா இந்த ஊருல! அல்ஃபோன்ஸுங்களுக்குத்தான் நாதியில்ல." மஞ்சள் செவ்வந்தியாகப் பொறுக்கி, ஒற்றைப்படையாக எண்ணிக் கட்டினாள். இரட்டைப்படை சாவுக்கு. "உங்க சிநேகிதருக்கு என் வாழ்த்தையும் சொல்லிடுங்க" என்றாள். ஆல்டிஸ் சொல்கிறேன் என்றார்.

ஆல்பெர்த்தா தெருவில் வீட்டு முகப்புகளிலிருந்து கல் முகங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. இங்கே வெகுநேரம் நின்று ரசிக்கவும் என்றது காகிதம். ஆல்டிஸ் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வளைவு வாசல் வழியாகப் பின்கட்டுக்குப் போனார். முன்பக்கம் அத்தனை பகட்டு, பின்பக்கம் காரை உதிர்ந்த சுவரும் விறகுக் கொட்டடியும். மரப்படி ஏறி மணியை அடித்தார்.

கதவு உடனே திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். அல்ஃபோன்ஸ் கோட்டும் டையுமாக நின்றார். முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு தயாராக இருந்தது. ஆளைப் பார்த்ததும் அது குழம்பிவிட்டது.

"ஆல்டிஸா! டேய், நீ இங்க என்னடா பண்றே? உன் வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பூட்டிட்டு வந்துட்டேன். இந்தா, வாழ்த்துகள்டா."

"இன்னிக்குப் போயி வீட்டைப் பூட்டுவாங்களா? புத்தி கெட்டுப் போச்சா? சரி வா, வா. உனக்கும் வாழ்த்துகள்." கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆல்டிஸ் காலையிலிருந்து ஏங்கிய வாழ்த்து வந்துவிட்டது. ஆனால் அது காலணியைக் கழற்றுவதற்குள், திட்டோடு திட்டாக வந்து போய்விட்டது. சரியாகக் காதில்கூட விழவில்லை.

மேஜை முழுக்கத் தட்டுகள் பரப்பியிருந்தன. நடுவில் கிளிங்கெரிஸ், கத்தி படாமல். அல்ஃபோன்ஸின் மனைவி பேரப் பிள்ளைகளைப் பார்க்க அயர்லாந்து போனவள் திரும்பவே இல்லை. தட்டுகளை அவர்தான் துடைத்து வைத்திருக்கிறார். காபி ஊற்றினார். மழை, முழங்கால் வலி, அலுவலகத்தில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பேச்சு போயிற்று. படியில் காலடி கேட்டபோதெல்லாம் அல்ஃபோன்ஸ் வாக்கியத்தை நடுவில் நிறுத்தினார். காலடி மேல்மாடிக்குப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ரொட்டியை வெட்டவே இல்லை. விருந்தாளிகள் வந்த பிறகுதான் வெட்டுவது வழக்கம். அப்படியானால் நான் யார் என்று ஆல்டிஸுக்குச் சுருக்கென்றது. அவன் கணக்கில் நான் சேர்த்தியில்லை.

எழுந்து போய்க் கோட்டை எடுத்தார். "சரிடா, நான் கிளம்பறேன்."

"ஆமா, கிளம்பு. உன் வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கப் போகுது, போன வருஷம் மாதிரி."

"போன வருஷமா?"

"வந்தேனே." அல்ஃபோன்ஸ் காபிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். "சாயந்தரமா ஒரு பொட்டலத்தோட உன் கட்டடத்துக்குக் கீழ வந்து நின்னேன். மேல பாத்தா உன் வீட்டுல எல்லா ரூம்லயும் வெளக்கு. குளியலறை ஜன்னல்ல கூட. சரிதான், வீடு நெறைய ஜனம், நடுவுல நாம எதுக்குன்னு திரும்பிட்டேன்."

கோட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது. ஆல்டிஸ் அப்படியே நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கௌரவமாக வீடு போய்ச் சேரலாம்.

"யாரும் வரலடா" என்றார். "ஒரு ஆள் வரல. இருட்டு வீட்டுக்கு யாரு வருவான்னு நான்தான் எல்லா வெளக்கையும் போட்டு வெச்சேன்."

அல்ஃபோன்ஸ் கத்தினார். "மடையா! மழையில நின்னேன்டா நான்! சொட்டச் சொட்ட!"

"மணியடிக்க வேண்டியதுதானே?"

"நீ ஜன்னல்ல எட்டிப் பாக்க வேண்டியதுதானே?"

"அது சரி, உனக்கும்தானே அன்னிக்குப் பேர்நாள்? வீட்டை விட்டுட்டு எப்படி வந்தே?"

அல்ஃபோன்ஸ் வெட்டாத ரொட்டியைப் பார்த்தார். படியில் யாரோ ஏறினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, மேஜையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, இரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். வரும்போது கையில் கத்தி இருந்தது. பெரிய பெரிய துண்டாக வெட்டினார்.

ஆல்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் ஒரு மனிதர் கீழே நின்றிருக்கிறார், மேலே இவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு முழு வருஷம் வீணாகப் போயிருக்கிறது. அதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

"இவ்வளவையும் யாருடா திங்கறது?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மிச்சத்துக்கு நாளைக்கு வா."

"நாளைக்கா?"

"ஆமா" என்றார் அல்ஃபோன்ஸ். "நாளைக்கு எனக்குப் பேர்நாள் இல்லையே. கூப்பிடலாம். அதான் கூப்பிடறேன், வா."