கீழ்வீட்டு டீச்சரின் எலெக்ட்ரீஷியன்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மகளின் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிவிட்டது. அந்த வீட்டில் இருக்கும் இளைஞன் மகளுக்கு என்ன உறவு என்று சொல்லத்தான் அம்மாவுக்கு இன்னும் வாய் வரவில்லை. கல்யாணம் ஆகியிருந்தால் மாப்பிள்ளை. ஆகவில்லை, பண்ணிக்கொள்கிற உத்தேசமும் இல்லை என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். மகள் ‘பார்ட்னர்’ என்றாள். சேர்ந்து கடை வைத்தவர்களை அல்லவா அப்படிச் சொல்வார்கள்! ‘சிநேகிதன்’ என்றால், சிநேகிதன் எதற்கு இவள் துணியை மடித்து வைக்கிறான் என்று கேட்பார்கள்.

அதனால் அம்மா ஆளுக்கு ஒன்றாக அளந்துவிட்டாள். கீழ்வீட்டு டீச்சரிடம் எலெக்ட்ரீஷியன். போனில் பேசிய தங்கையிடம், பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிற பையன்.

உண்மையில் அவன் பல் செட் செய்கிறவன். அம்மாவின் வாயில் இருப்பதே அவன் கைவேலைதான். ஈறு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் முகம் சுளிக்காமல் செட்டை ராவிக் கொடுத்தான். அந்தப் பல்லை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பொய் சொல்வது அம்மாவுக்கே வெட்கமாக இருந்தது. அவனோ காட்டிக்கொடுக்கவில்லை. டீச்சர் வீட்டு ஃபேன் நின்றால், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிப் போவான்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவள், பேச்சும் நேர்ப்பாதைதான். “ஞாயித்துக்கிழமை சித்தி வர்றாங்க. அவங்க முன்னாடியும் இவரை வாடகைக்கு இருக்கிறவர்னு சொன்னே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்மா.”

சொன்னால் செய்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள், சாப்பிட உட்கார்ந்தாள், பரிமாறியவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“பையன் தங்கமா இருக்கான்க்கா. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. பேசி முடிச்சிடலாமா?”

மகளின் கை தட்டிலேயே நின்றது.

“அதெல்லாம் வேணாம்,” என்றாள் அம்மா.

“வாடகைக்கு இருக்கிற பையன்தானே? உனக்கென்ன வந்துது?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. எவளோ வந்து இவனைக் கூட்டிக்கொண்டு போவதாவது! காலையில் இந்த முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்து, “இன்னும் ஒரே ஒரு தடவைம்மா” என்று யார் கெஞ்சுவார்கள்?

“வாடகையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடி! என் பொண்ணும் அவனும் சேர்ந்து வாழறாங்க. கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்கவும் மாட்டாங்களாம். சந்தோஷமா இருக்காங்க. போதுமா?”

தங்கை நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். “அப்பாடா! உன் பொண்ணு என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாக்கா. நீ எப்பத்தான் சொல்லுவேன்னு பாத்தேன். நான் சொன்ன பொண்ணெல்லாம் சும்மா.”

அம்மா கோபப்படத்தான் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. மகள் எழுந்து வந்து எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் டீச்சர். “எலெக்ட்ரீஷியன் தம்பி இருக்காரா? ஃபேன் மறுபடி நின்னுடுச்சு.”

“அவர் எலெக்ட்ரீஷியனே இல்ல டீச்சர், நான் புளுகினேன். பல் செட் செய்றவர். என் பொண்ணோட சேர்ந்து வாழறவர்.” இரண்டாம் தடவை சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

டீச்சருக்கு வேறு கவலை. “அப்போ எங்க வீட்டு கரண்ட்ல கை வச்சதெல்லாம்?”

“வீடியோ பாத்துதான் டீச்சர்,” என்றபடி அவன் பழக்க தோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அம்மா அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

“என் பொய்க்காக நீ ஷாக் வாங்கினது போதும். உக்காந்து சாப்பிடுடா.”

நாலு மாதமாக வாங்க, போங்க என்று தள்ளியே வைத்திருந்தவள். அவன் சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.